வெள்ளமும் வைத்தியசாலைக் கணக்கும்



கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணக்கைப் பற்றி இன்று நாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். கணக்கென்றவுடன் இது உத்தியோகஸ்தர்கள் விவகாரம், நமக்கென்ன என்று சிலர் நினைக்கக்கூடும். இது உங்கள் உயிரைப் பற்றிய விவகாரம் என்பதே நமது அபிப்பிராயமாகும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டம் தீவாயிற்று. அங்கே ஒரு கர்ப்பிணியை ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்லவேண்டியதாயிற்று. ஹெலிகாப்டர் வந்தது நல்லதே. ஆனால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஹெலிகாப்டர் வருமா? வராவிட்டால் "தலைவிதி" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவதா?

விதிக்கு இங்கே வேலையில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரும், பிரசவமாகக்கூடிய தேதியும் 'பிக்மி' என்னும் கணினிப் பதிவில் ஏறுகின்றன. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு உள்ளவர்களை வீடுவீடாகப் போய்க் குறிக்கிறார்கள். மழை எச்சரிக்கை வந்தவுடன் இவ்விரண்டையும் புரட்டினால், எந்தத் தெருவில் நிறைமாதக்காரி இருக்கிறாள், எந்தக் கிழவருக்கு இன்சுலின் முன்கூட்டியே கொடுக்கவேண்டும் என்பது தெரிந்துபோகாதா?

அன்றியும், குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கவேண்டும். மின்சாரம் நின்றால் அவை கெடும். 2015 முதல் நம் நாட்டில் நடந்துவரும் 'ஈவின்' ஏற்பாட்டின்படி, பெட்டிக்குள்ளிருக்கும் கருவியே உஷ்ணம் ஏறிய செய்தியைச் செல்போனுக்கு அனுப்பிவிடுகிறது. ஒரு வருஷத்துச் செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால், எந்த நிலையம் அடிக்கடி தவிக்கிறது, எந்தக் கூரைக்கு முதலில் சூரிய மின்தகடு வேண்டும் என்பது விளங்கும். இது ஆகாத காரியமல்ல. சத்தீஸ்கரில் பல நூறு கிராம நிலையங்கள் அவ்விதமே சூரிய மின்சாரம் பெற்றிருக்கின்றன.

வெள்ளம் வடிந்தபின் பேதியும் எலிக்காய்ச்சலும் வரும். வந்தவர்களைத் தெருவாரியாக அன்றன்றே குறித்தால், கெட்ட தண்ணீர்த் தொட்டி எதுவென்று சீக்கிரம் பிடித்துவிடலாம்.

"கரண்டும் டவரும் போனால் கணினி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆகையால்தான் எச்சரிக்கை வந்த அன்றே ஜாபிதாவைக் காகிதத்தில் எடுத்து நர்ஸ் கையில் கொடுத்துவிடவேண்டும் என்கிறோம். அந்த ஜாபிதா நர்ஸுக்கும் டாக்டருக்குமே உரியது. ஒரு பெண்ணின் கர்ப்பமும் ஒருவருடைய வியாதியும் டீக்கடைப் பேச்சாகக் கூடாது.

நர்ஸம்மாள் பகலெல்லாம் எழுதுகிற கணக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தால் கிராமத்துக்கு லாபமென்ன? மேலே போன கணக்கு வேலையாகக் கீழே திரும்பவேண்டாமா? ஆதலால் தோழர்களே! அடுத்த கிராம சபையில் பெயர் எதுவும் கேட்காதீர்கள். நம் நிலையத்தில் மழைக்கால ஜாபிதா தயாரா, மருந்துப் பெட்டி எத்தனை தடவை சூடேறிற்று, கணினி வெள்ளம் ஏறாத உயரத்திலிருக்கிறதா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.