மொட்டை மாடியில் படித்த பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். சிவில் படித்தவன் பாலம், அணை என்று பேசுவான் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கத்தரிக்காய் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். கடைசியில் கான்கிரீட்டில்தான் வந்து நிற்கும்.

அப்பா காலமான பிறகு அம்மாவை ஊரிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தேன். நாற்பது வருஷம் வயலிலும் கொல்லையிலும் நின்றவர், எங்கள் ஃபிளாட்டில் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பார். "என்னம்மா வேணும்?" என்றால், "ஒண்ணும் வேணாம்ப்பா" என்பார். அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருக்கும்.

மாடித் தோட்டத்துக்கு அரசு மானியம் தருவது தமிழ்நாட்டில் புதிதல்ல. 2013-14-லேயே சென்னையிலும் கோவையிலும் பாதி மானியத்தில் 'நீங்களே செய்து பாருங்கள்' கிட் கொடுத்தார்கள். பிறகு 2021-22-இல் 900 ரூபாய் பெறுமான கிட் 225 ரூபாய்க்குக் கிடைத்தது. மீதி 675 ரூபாய் அரசின் பங்கு. ஆறு செடி வளர்ப்புப் பைகள், பைக்கு இரண்டு கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி, ஆறு வகை காய்கறி விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா, கொஞ்சம் வேப்பெண்ணெய். அம்மாவுக்காக இரண்டு கிட் வாங்கினேன்.

மூன்றே மாதத்தில் அம்மா பழைய அம்மாவாகிவிட்டார். வெண்டைக்காய் நாலு வீட்டுக்குப் போயிற்று. பன்னிரண்டு பை போதவில்லை. பெயின்ட் டப்பா வந்தது, சிமென்ட் சாக்கு வந்தது. கடைசியில் மாடி நடுவே செங்கல் அடுக்கி, ஒரு அடி உயரத்துக்குச் செம்மண் கொட்டி ஒரு பாத்தியே கட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பெருமையாக!

அடுத்த மழையில் கீழ்வீட்டுப் படுக்கையறைக் கூரை ஒழுகியது. அசோசியேஷன் கூட்டம் போட்டார்கள். "எல்லாத்தையும் எடுத்துடணும்" என்றார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "சார், நீங்கதானே இன்ஜினீயர்?" என்று கேட்டார். அவ்வளவுதான். தலை நிமிரவில்லை.

இங்கே நம் வகுப்பறைக் கணக்கைப் போடுவோம். நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. ஒரு அடி ஈர மண் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். மூன்று மடங்குக்கும் மேல்! கிட்டில் மண் இல்லாமல் நார்க்கழிவு கொடுத்ததன் அருமை அப்போதுதான் புரிந்தது. ஊருக்கெல்லாம் சுமைக் கணக்குப் போடுகிறவன், தன் வீட்டு மாடிக்குப் போடவில்லை.

பாத்தியை உடைத்து மண்ணைக் கீழே இறக்கினோம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பூவோடு இருந்த கத்தரிச் செடிகளை மட்டும் தன் கையாலேயே பிடுங்கினார். ஒழுகலைச் சரிசெய்த செலவு முழுவதையும் நான் ஏற்றுக்கொண்டேன். அது மானியத்தைப் போல எத்தனையோ மடங்கு. பிறகு கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, பைகளை மட்டும் பீம் ஓடும் ஓரங்களில், தண்ணீர் வடிய இடைவெளி விட்டுச் செங்கல் மேல் வைத்தேன். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நண்பர்களே, நான் மானியத்தைக் குறை சொல்லவில்லை. என் அம்மாவை எனக்குத் திருப்பித் தந்தது அந்த 675 ரூபாய்தான். ஆனால் பையும் விதையும் கொடுத்தால் மட்டும் தோட்டம் நிலைக்காது. எங்கே வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம் என்று சொல்ல ஆள் வேண்டும். தனி வீட்டுக்குத் தருவதுபோல, நாலு குடும்பம் சேர்ந்து போடும் பொதுத் தோட்டத்துக்கும் பணம் வேண்டும். நியூயார்க் மாநகராட்சி 1978 முதல் கிரீன்தம்ப் என்ற திட்டத்தின் மூலம் தெருக்காரர்களின் பொதுத் தோட்டங்களுக்கு உதவி வருகிறது. அங்கேயும் 1999-இல் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்ட மனைகளை நகர நிர்வாகம் ஏலம்விடப் பார்த்தது. நன்கொடை அமைப்புகள் விலை கொடுத்து வாங்கித்தான் காப்பாற்றின. இடத்துக்கு உறுதி இல்லாவிட்டால் எந்த உதவியும் பாதியில் நிற்கும் என்பதற்கு அது சாட்சி.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த அரங்கில் எத்தனை சிவில் இன்ஜினீயர்கள் இருக்கிறோம்! மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம், தோட்டம் போட நினைப்பவரின் மாடியைப் பார்த்து, "இங்கே வை, அங்கே வேண்டாம்" என்று சொன்னால் போதும். காசு வேண்டாம். ஆரம்பமாக நம் ஹாஸ்டல் மாடியையே பார்ப்போம்.

வரவேற்பு மேசையில் அம்மா கொடுத்தனுப்பிய வெண்டை விதை பொட்டலங்கள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கிறது. விதை எடுத்துக்கொள்ளும் சிவில்காரர்கள் அதில் பெயரும் ஊரும் எழுதிவிட்டுப் போங்கள்.