கொடுமுடிக் குரல்

இன்றிரவு தொழிலுக்குப் போகாமல் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து திருப்பாலைவனத்துக்கு வந்திருக்கும் சகோதரர்களே!

1930களில் அமெரிக்க தேசத்தில் பெரிய வாத்தியக் கோஷ்டிகளின் முன்னே நின்று பாடியவர்கள், ஒலிபெருக்கியின் தயவால் காதோடு பேசுவதுபோல் பாடி ஜனங்களை வசப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டிலோ, ஆர்மோனியமும் மிருதங்கமுமே துணையாக, கொட்டகையின் கோடியில் தரை டிக்கெட்டில் அமர்ந்திருந்தவர் செவியிலும் ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக விழும்படி உச்ச ஸ்தாயியில் நின்று பாடியவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்.

1908இல் காவிரிக் கரையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்ற அந்தச் சிறுமி, நாடக மேடை ஏறிக் கொழும்பு வரை கீர்த்தி பெற்றார், நாடக நடிகர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். வேலனாக அவரும் வள்ளியாக இவரும் எதிரெதிரே நின்று தர்க்கப் பாட்டு பாடத் தொடங்கினால், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் ஸ்வரத்தை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போவார்.

1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அம்மையாருக்கு அப்போது வயது 25. வெள்ளையுடை தரித்து மேடையை விட்டு ஒதுங்கிய அவர், இனி எந்த ஆண்மகனோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டார். அவருடைய துயரத்தை எண்ணிக் கண்ணீர் வடித்தவர்கள் அநேகர். அவருடைய திடசித்தத்தைப் போற்றியவர்கள் குறைவு என்பதே என் மனக்குறை. 'பக்த நந்தனார்' படத்துக்கு அழைத்தபோது ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். அக்காலத்தில் எவரும் கனவிலும் கேளாத தொகை. அதைப் பெற்றுக்கொண்டு, 1935இல் வெளிவந்த அப்படத்தில் கதாநாயகி வேடத்தை அல்ல, நந்தனார் வேடத்தையே ஏற்றார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். இந்த ஏரியில் எவர் எந்த நாளில் எங்கே வலையிறக்குவது என்பதை உங்கள் மீன்பிடிப் பாடு முறை வகுத்திருப்பதுபோல், தம் எல்லையைத் தாமே வகுத்துக்கொண்டு அதற்குள் அவர் ராஜ்யம் நடத்தினார்.

பிறகு காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியோடு அக்கட்சியின் மேடைகள், 1951இல் சட்ட மேலவை அங்கத்தினர் பதவி, 1953இல் ஜெமினியின் 'ஔவையார்', 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் அவர் மறையும் வரை பெருமைகள் தேடி வந்தன.

அந்த அம்மையாரின் பெயரால் உங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த திருவிழாவில் மேடை போடும்போது, உங்கள் குப்பத்துப் பெண்பிள்ளை எவளேனும் பாட முன்வந்தால் அவளைத் தடுக்காதீர்கள். அவளுக்குரிய சன்மானம் எவ்வளவு என்பதையும் அவளே சொல்லட்டும்.