இன்று யார் வரவில்லை?

(கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு லீடர் என்ன வேலை செய்வார் என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். சார் வெளியே போனதும் சாக்பீஸை எடுத்து, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவார். கூட்டாளி பேசினால் மட்டும் பெயர் வராது! (சிரிப்பு) வகுப்பில் அமைதி வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவர் குற்றத்தை எழுதி வைப்பதுதான் தலைமை என்று பத்து வயதில் மனதில் பதிந்துவிட்டால், ஐம்பது வயதிலும் அது மாறாது.

லீடருக்கு இதைவிட நல்ல வேலை ஒன்று உண்டு. பேசியவர் பெயரை எழுதுவதற்கு முன்னால், வராதவர் யார் என்று பார்ப்பது. "இன்று யார் வரவில்லை? ஏன் வரவில்லை?" என்று கேட்பது.

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாறு அந்நம்ல் அத்தியாயத்தில் வருகிறது. அவ்வளவு பெரிய படையில் ஹுத்ஹுத் என்ற ஒரு சிறு பறவையைக் காணோம் என்பது அவர்கள் கண்ணில் படுகிறது. கோபம் வருகிறது, ஆனாலும் தக்க காரணம் சொல்ல அதற்கு வாய்ப்பு இருக்கிறது. திரும்பி வந்த பறவையோ, அவர்களுக்கே தெரியாத ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவருகிறது. வராதவனிடம் காரணம் கேட்டால்தான் நமக்குத் தெரியாத செய்தி கிடைக்கும்.

நம் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மஸ்ஜிதைப் பெருக்கிச் சுத்தம் செய்து வந்த ஒரு பெண்மணி இருந்தார். சில நாள் அவரைக் காணவில்லை. எங்கே என்று நபியவர்கள் கேட்டார்கள். அவர் இறந்துவிட்டார், அடக்கமும் செய்துவிட்டோம் என்றார்கள். மற்றவர்கள் அதைப் பெரிய செய்தியாக நினைக்கவில்லை. ஆனால் நபியவர்கள், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுகை நடத்தினார்கள். மதீனாவின் தலைவர் அவர்கள். எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே, துடைப்பம் பிடித்த ஒரு கை இல்லாததைக் கவனித்தார்கள்.

சகோதரர்களே, பள்ளியில் இது ஏன் முக்கியம்? எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் படிப்பை நிறுத்துவதில்லை. முதலில் ஒரு நாள் போகாது. உம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அல்லது வெளிநாட்டிலிருந்து வாப்பா அனுப்பும் பணம் அந்த மாதம் வரவில்லை. அல்லது வகுப்பில் யாரோ பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மூன்று நாள் ஆனதும், நடந்த பாடம் புரியாதே என்ற பயம் வரும். ஒரு வாரம் ஆனதும் எந்த முகத்தோடு போவது என்ற வெட்கம் வரும். அதற்குள் பையன் ஏதாவது கடையில் நிற்பான். பெண் பிள்ளை என்றால் வீட்டில் வேறு பேச்சு தொடங்கிவிடும்.

6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 14 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்காக 1098 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் சட்டம் வாசலுக்கு வந்து சேரப் பல நாள் ஆகும். பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு முதல் நாளே தெரியும்.

ஆகவே பிள்ளைகளே, உங்களிடம் மூன்று வேலை கேட்கிறேன்.

ஒன்று: உங்கள் வகுப்பில் ஒருவர் வரவில்லை என்றால், சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லி நலம் கேளுங்கள். முஸ்லிம் அல்லாத பிள்ளை என்றால் வணக்கம் சொல்லிக் கேளுங்கள். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் அண்டை வீட்டார் மாதிரி. மார்க்கம் பார்த்து நலம் விசாரிக்காதீர்கள். தனியாகப் போகாமல் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டு: உங்கள் நோட்டைக் கொடுங்கள். திரும்பி வரும் நாளில் பக்கத்தில் இடம் வைத்திருங்கள். பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்வதைக் குர்ஆன் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் தடுக்கிறது. நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சொல்லும்போது சிரிக்காமலும் இருக்க வேண்டும். பத்துப் பேர் சிரிக்கும் இடத்தில் சிரிக்காமல் இருக்கிறானே, அவன்தான் லீடர்.

மூன்று: மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் ஆசிரியரிடமும் உங்கள் பெற்றோரிடமும் சொல்லுங்கள். உங்களால் தூக்க முடியாத சுமையைப் பெரியவர்களிடம் தருவது கோள் சொல்வது ஆகாது. ஆனால் அந்த வீட்டுக் கஷ்டத்தை வகுப்பில் பேசாதீர்கள். அது உங்களிடம் உள்ள அமானிதம்.

பெற்றோர்களே, பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்கிறோம். கேளுங்கள், தப்பில்லை. கூடவே "இன்று யார் வரவில்லை?" என்றும் கேளுங்கள். தினமும் கேட்கப்படும் கேள்விக்குப் பிள்ளை தானாகவே பதில் தேடி வைக்கும். நம்மையும் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. முதல் ஸஃப்பில் வழக்கமாக நிற்கும் பெரியவரை மூன்று வக்து காணவில்லை என்றால் நாம் கேட்கிறோமா? கேட்கும் தகப்பனைப் பார்த்துத்தான் மகன் கேட்பான்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார்கள் அதில் சேர வேண்டும். கூட்டத்துக்குப் போய், நீண்ட நாள் வராத பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வேண்டும்.

டிரஸ்ட் சார்பில் ஒரு உறுதி சொல்கிறேன். பணம் இல்லாத காரணத்தால் ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்று தெரிந்தால், மறுநாளே எங்களிடம் சொல்லுங்கள். மனு எழுத வேண்டியதில்லை. அஸருக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். பெயர் வெளியே வராது, போட்டோ எடுக்க மாட்டோம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதுதான் நமக்குக் கற்பிக்கப்பட்ட முறை.

இன்று இங்கே பெயர் வாசித்தபோது சில பிள்ளைகள் எழுந்து வரவில்லை. அவர்களுடைய நோட்டுகள் மேசையில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளின் வீடு தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். இன்றே சேர்ந்து போய்க் கொடுத்துவிட்டு, நலமும் கேட்டுவிட்டு வருவோம், இன்ஷா அல்லாஹ்.

யாரையும் விட்டுவிடாத சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.