பார்த்தது யார்?

மீன் சந்தையில் பாரை வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுப்போமா? காதில் விழும் செய்தியை மட்டும் அப்படியே வாங்கிவிடுகிறோம். பார்த்தது யார் என்று கேட்பதில்லை.

அப்படிக் கேட்பதையே வேலையாகக் கொண்ட ஓர் அமைப்பு உண்டு. பெயர், மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள். 1988இல் யாழ்ப்பாணத்தில் உருவானது. அரச படையோ, இந்தியப் படையோ, தமிழ் ஆயுத இயக்கமோ, யார் செய்தாலும் ஒரே கேள்விதான். பார்த்தது யார்? அந்த நேர்மைக்குப் பெரிய விலை கொடுத்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான, உடற்கூற்றியல் ஆசிரியை ராஜனி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் நிறுத்தவில்லை.

நம்முடைய திருகோணமலைக்கு வருவோம். 2006 ஜனவரி 2. கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் 5 மாணவர்கள் இறந்தார்கள். கைக்குண்டு வெடித்தது என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. உடல்களிலோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். 'சுடர் ஒளி' செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அதைக் காட்டின. அந்த மாதமே அவரும் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள்.

மாணவர் கொலை, மூதூர் கொலை இரண்டையும் அந்த ஆசிரியர்கள் விடவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு வைத்துச் சரிபார்த்தார்கள். 2008இல் அறிக்கை வெளியிட்டார்கள். மாணவர் வழக்கின் சந்தேகநபர்களைப் போதிய சாட்சியம் இல்லையென்று 2019இல் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் அந்த அறிக்கையை இன்றும் எடுத்து வாசிக்கலாம்.