குடகனாற்றின் பெருக்கும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் குடகனாற்றின் வெள்ளம். ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலுமாய்க் கிடக்கும் ஆற்றிற்கு வெள்ளம் ஒரு கேடோ என்று சிலர் நகைக்கலாம். நீர் வரவில்லையென்று மேலூராரும் கீழூராரும் வழக்காடுவதே நமக்குப் பழகிய செய்தியன்றோ? ஆயினும், இடையறாது ஓடும் ஆற்றங்கரையில் வாழ்வோர் நாடோறும் அதன் முகத்தை நோக்குவர். வறண்ட ஆற்றங்கரையில் வாழ்வோர் நோக்குதலையே மறந்துவிடுவர். அபாயம் அம்மறதியிற் பிறக்கின்றது.

வேடசந்தூரை அடுத்த அழகாபுரியில் இவ்வாற்றிற்குக் குறுக்கே மண்ணணை ஒன்று கட்டப்பெற்றது. ஆற்றுப் படுகையினின்று அதன் உயரம் 11.45 மீட்டர், கொள்ளளவு 1 கோடியே 23 லட்சம் கன மீட்டர், நீரை வெளியேற்ற ஐந்து மதகுக் கதவுகள். நொடிக்கு 1,275 கன மீட்டர், அஃதாவது ஏறக்குறைய 45,000 கன அடி வெள்ளத்தைத் தாங்குமென்று வகுத்தனர். உச்ச நீர்மட்டத்திற்கு மேலும் 2.5 மீட்டர் கரையுயரம் விட்டிருந்தனர். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்திற்குத் தெற்கே கரையேறிய புயல் உள்நாட்டில் பெருமழை பெய்வித்தது. அணைப் பணியாளர் உறங்கினாரல்லர்; காலத்திற் கதவுகளை உயர்த்தத் தொடங்கினர். பாதி உயர்த்துமுன் மின்சாரம் நின்றது. மாற்று மின்னாக்கியை இயக்கினர், அதுவும் உதவவில்லை. கையாற் சுழற்றி உயர்த்த முயன்றனர். அதற்குள் நீர் கரையின் தலைமேல் ஏறி, பின்சரிவில் அருவிபோல் இறங்கி, மண்ணை அரித்தது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை அகன்ற உடைப்புகள் பல கண்டன. கட்டிய ஆண்டும் உடைந்த ஆண்டும் ஒன்றே. பின்னர் அணை மீளக் கட்டப்பட்டது.

இந்நிகழ்ச்சியை மின்சாரத்தின் குற்றமென்று கூறி முடித்தல் எளிது. எமக்கு அது போதியதாகத் தோன்றவில்லை. வகுப்பிற் கணக்குப் போடுவதுபோல் ஈண்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,275 கன மீட்டர் நொடிதோறும் வருமாயின், வெறுமையாய்க் கிடக்கும் அவ்வணை நிரம்ப எத்துணை நேரமாகும்? இரண்டு மணி நாற்பது நிமிடம்! பாதி நிரம்பியிருந்தால் ஒன்றேகால் மணிக்குச் சற்று மிகுதி. நள்ளிரவில் அணைச் சுவரின் அளவுகோலைப் பார்த்து, அதன்பின் ஊர்களுக்குச் சொல்லியனுப்பி, குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் மேட்டிற் சேர்ப்பதற்கு அது போதுமா?

வைகையின் நிலை வேறு. அவ்வணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர் 66 அடியை எட்டியதும் முதல் அறிவிப்பு, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. நிலக்கோட்டைப் பக்கத்துக் கரையூரார் இதனை நன்கறிவர். வைகை அணை பன்மடங்கு பெரிது, மெல்ல நிரம்பும், ஆதலின் அடிக்கணக்கு அங்கே காவலாகின்றது. எகிப்தில் கெய்ரோ நகரத்து ரோடாத் தீவில் 861-ஆம் ஆண்டில் எழுப்பிய நீரளவுத் தூண் இன்றும் நிற்கின்றது. நைல் அக்காலத்தில் வாரக்கணக்கில் ஏறிய ஆறு. தூணைப் பார்த்தே அந்நாட்டார் விளைவையும் வரியையும் கணித்தனர். நமது ஆறோ ஓரிரவில் வருவது. இதற்குத் தூணை மட்டும் பார்த்தல் போதாது. மழையையே பார்த்தல் வேண்டும்.

மழையைப் பார்ப்பதென்றால் என்னை? ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 கன மீட்டர் நீர். பழனிமலைத் தாழ்வரையிலும் சிறுமலைச் சரிவிலும் 100 சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் பெய்ததென்று கொள்வோம். ஒரு கோடி கன மீட்டராயிற்று. வறண்ட மண் இதில் ஒரு பங்கைக் குடித்துவிடும். முன்னாள் மழையில் ஊறிய மண் குடிப்பது சிறிது. கண்மாய்களும் நிறைந்திருப்பின், எஞ்சியவெல்லாம் ஆற்றிற்கே வரும். ஆதலின் இன்றைய மழையோடு நேற்றைய மழையையும் அறிதல் வேண்டும். ஆத்தூரில் காலை 8.30 மணிக்கு மழைமானி காட்டும் அளவு, வேடசந்தூரிலுள்ளாருக்கு அணைச் சுவரின் அளவினும் முந்திய செய்தியாகும். முற்காலத்தில் நீர்பாய்ச்சி ஓடிவந்து சொல்லவேண்டியிருந்தது. இக்காலத்தில் கைப்பேசி ஒரு நொடியிற் சொல்லும். சொல்வோரும் கேட்போரும் யாரென்று முன்னரே குறித்து வையாவிடின், அக்கருவியால் ஆவதொன்றுமில்லை.

கேட்போர் யார் என்பதில் சங்கத்தார்க்கு ஒன்று வெளிப்படையாகக் கூற விரும்புகின்றோம். நம்மவர் வீடுகள் பெரும்பாலும் மேட்டுத் தெருவில் உள்ளன. ஆற்றோரப் பள்ளத்தில் குடிசையிட்டிருப்போர் வேறு சமூகத்தார். நமது வயல்களிலும் ஆலைகளிலும் உழைப்போர். செய்தி முதலில் நமது வாட்சாப் குழுவிற்கு வந்து, நமது பண்டங்கள் மாடியேறிய பின்னர் அவர்களை எட்டுமாயின், அச்செய்தி யாருக்காக வந்தது? சாதிச் சங்கத்தின் இதழ் இதனைப் பேசலாமோ என ஐயுறுவாரும் உளர். வேறெவ்விடத்திற் பேசுவது?

இனிச் செய்யத்தக்கவை. தரைப்பாலங்களின் ஓரத்தும், உயர்பாலத் தூண்களிலும், உரிய துறையாரின் இசைவு பெற்று, சிவப்பும் மஞ்சளுமாக அடிக்கோடுகள் தீட்டுதல் வேண்டும். முழங்காலளவு நீரே என்று மிதிவண்டியோடு இறங்குவோரைத் தடுக்க அக்கோடு ஒன்றே போதும். ஐப்பசி முதல் மார்கழி வரை மேல்நிலை வகுப்பு மாணவர் இருவர் நாடோறும் மழையளவை ஏட்டில் எழுதுக; மழை இல்லா நாளும் சுழி இட்டெழுதுக. இரண்டு நாளிற் சேர்ந்து 10 சென்டிமீட்டரைக் கடப்பின், பள்ளத்துத் தெருவிற்கு ஒருவர் நேரிற் சென்று சொல்லுக. உடனே மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணிற்கும் தெரிவித்து, அணையின் நிலையைக் கேட்டறிக. நமது திருமண மண்டபத்தின் திறவுகோல் அம்மூன்று திங்களும் காவலரிடமே இருத்தல் வேண்டும். செயலாளர் வெளியூர் சென்றிருந்தாரென்று கதவு பூட்டிக் கிடத்தலாகாது.

வண்ணத்திற்கும் மழைமானி இரண்டிற்கும் ஆகும் பொருளைச் சங்க நிதியினின்று வழங்குமாறு இக்கூட்டத்தில் தீர்மானம் ஒன்று கொணர்கின்றோம். பெரியோர் இசைவு தருக.