ஒற்றைக்காலில் நிற்கும் பிள்ளைகள்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

லண்டனில் இப்போது மாலை ஏழு மணி. டொரண்டோவில் மதிய வெயில், சிட்னியில் விடியப்போகிற நேரம், எங்கள் நாகர்கோவிலில் நள்ளிரவு. தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்குத் தனியாக நன்றி.

நான் முறையாக இலக்கியம் படித்தவள் இல்லை. நர்சிங் டிப்ளமா முடித்துவிட்டு இங்கே வந்து குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவள். ஒரு நர்ஸ் புத்தகம் படித்த கதையாகவே இதைக் கேளுங்கள்.

நான் பேச வந்தது 'சாமுராய் கிட்ஸ்' என்ற சிறுவர் நாவல் வரிசையைப் பற்றி. எழுதியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சாண்டி ஃபஸல். படங்கள் ரியான் நெஸ்ட் ஜேம்ஸ். 2008இல் முதல் புத்தகம் 'ஒயிட் க்ரேன்', அதாவது வெள்ளைக் கொக்கு, வெளிவந்தது. மொத்தம் எட்டுப் புத்தகங்கள்.

கதை பழைய ஜப்பானில் நடக்கிறது. நியா மோட்டோவுக்கு ஒரே ஒரு கால். சாமுராய் ஆக ஆசை. எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. அதன் பெயர் கரப்பான் பள்ளி. செருப்பை எடுத்துக்கொண்டு கரப்பானைத் துரத்திய நமக்குத் தெரியும், அது அவ்வளவு லேசில் சாகாது! அங்கே அவனுடைய தோழர்கள்: ஒரு கை இல்லாத மிக்கோ, பார்வையில்லாத தாஜி, வெள்ளை முடியும் கூடுதல் விரல்களும் கொண்ட கியோகோ, மலை போன்ற உடம்பு இருந்தும் சண்டை போட மறுக்கிற யோஷி. குரு கி-யாகா ஒரு கிழவர். எப்போது பார்த்தாலும் கண்ணயர்ந்துவிடுவார். ஆனால் வாள் வீச்சு முதல் கவிதை எழுதுவது வரை எதிலும் சலுகை தரமாட்டார்.

இதெல்லாம் வெறும் கற்பனை என்று நினைக்கவேண்டாம். 1561இல் கவானகாஜிமா போரில் இறந்ததாகச் சொல்லப்படும் யமமோட்டோ கான்சுகே என்ற போர்த்தந்திரியைப் பற்றி ஜப்பானில் வழிவழியாகச் சொல்வது, அவருக்கு ஒரு கண் தெரியாது, கால் ஊனம் என்பதுதான்.

இந்தப் புத்தகம் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்ல, என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

தம்பிக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இடது கால். தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல்வாரும் வைத்த காலிப்பர் போட்டுத்தான் நடப்பான். அவனுக்கு ஒரே ஒரு கதாநாயகன்: இரும்புக்கை மாயாவி. இங்கே பலர் சிரிப்பது திரையில் தெரிகிறது. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே மாயாவிதான். அந்த மாயாவி பிறந்த ஊர் லண்டன் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். 1962இல் 'வேலியன்ட்' வார இதழில் 'ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் வந்த தொடர் அது. எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஜீசஸ் பிளாஸ்கோ.

ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவன் மாயாவி. இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். தம்பி தன் காலிப்பரைத் தட்டிக்காட்டி, "நான் இரும்புக்கால் மாயாவி" என்பான். அவனுக்குப் பலம் வேண்டும் போல என்று அப்போது நினைத்தேன். அவன் ஆசைப்பட்டது மறைந்துபோவதற்கு. தெருவில் நடந்தால் எல்லோரும் அவன் காலையே பார்த்தார்கள். மாயாவிக்கோ நேர்மாறு: உடம்பு மறைந்தாலும் ஊனம் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அந்த வயதில் அவனும் அதைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். சப்பாணி எழுந்து நடந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். நான் நர்சிங் கடைசி வருடம் படிக்கும்போது ஊருக்கு அருகே ஒரு சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. தம்பி வரமாட்டேன் என்றான். நான்தான் கெஞ்சி, அழுது, கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் காலிப்பரைக் கழற்றச் சொன்னார்கள். போலியோ வந்த காலில் முட்டி நிற்காது என்று எனக்குத் தெரியும், அதே மாதம் தேர்வில் எழுதியிருந்தேன். ஆனாலும் வாரை அவிழ்த்தது என் கைதான். தம்பி ஓரடி வைத்தான், விழுந்தான். பாட்டுச் சத்தம் கூடியது. வீட்டுக்கு வரும் வழியில் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அக்கா, நான் நடந்தாத்தான் ஒனக்குத் தம்பியா?"

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஈஸ்ட்ஹாம் நூலகத்தில் கொக்குப் படம் பார்த்து 'ஒயிட் க்ரேன்' எடுத்தேன். இரவுப் பணியில், தூக்கம் வராத ஒரு பையனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்கும் காலில்தான் பிரச்சினை, அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது. இரண்டாம் நாள் கேட்டான்: "கடைசியில் இவனுக்குக் கால் வந்துவிடுமா?" நான் இன்னும் முடித்திருக்கவில்லை. பயந்துபோய்க் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். வரவேண்டும் என்றுதான் உள்ளுக்குள் ஆசை, வளர்ந்த வளர்ப்பு அப்படி. "வரவில்லை" என்றேன். "அப்போ சரி, படிங்க" என்றான்.

அந்த "அப்போ சரி"யைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்குத் தெரியும், அவனுக்குக் கால் வரப்போவதில்லை. நியாவுக்கு வந்திருந்தால் அன்றோடு அந்தக் கதை அவனுடையது இல்லாமல் போயிருக்கும்.

கி-யாகா யாரையும் குணப்படுத்துவதில்லை. ஒற்றைக்காலில் நிற்பது கொக்குக்குக் குறை இல்லை, இயல்பு. நியா அந்தக் கொக்கைத் தனக்குள் கண்டுகொள்கிறான். நம் வள்ளுவரும் காலம் பார்த்துக் காத்திருக்கக் கொக்கைத்தான் உவமை சொன்னார். தமிழில் ஒருவன் விட்டுக்கொடுக்காமல் பிடிவாதமாக இருந்தால் 'ஒற்றைக்காலில் நிற்கிறான்' என்கிறோம். நியாவுக்கு அது இரண்டு வகையிலும் பொருந்தும்.

குறையும் உண்டு. தாஜிக்குக் கண் தெரியாததால் காது அபாரமாகக் கேட்கிறது. பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் காது தானாகக் கூர்மையாவதில்லை, அவர்கள் கவனித்துப் பழகுகிறார்கள். ஒன்று போனால் இன்னொன்று கூடுதலாக வந்தே தீரவேண்டும் என்ற கணக்கு மாயாவியிலிருந்து தொடர்கிறது. நாம் மரியாதையாகச் சொல்லும் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லில்கூட அந்தக் கணக்கு இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். எந்த மாற்றுத் திறனும் இல்லாத, சாதாரணமான, கணக்கில் ஃபெயிலாகிற ஒரு ஊனமுற்ற பையனுக்கும் கதையில் இடம் வேண்டாமா?

பைபிளில் மேவிபோசேத் என்று ஒருவன் வருகிறான். யோனத்தானின் மகன். ஐந்து வயதில், போரில் தகப்பன் இறந்த செய்தி வந்ததும், அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாதி பதற்றத்தில் கீழே விட்டுவிடுகிறாள். இரண்டு காலும் போய்விடுகிறது. இலங்கைத் தமிழில் நர்ஸை இன்றைக்கும் தாதி என்றுதான் சொல்கிறார்கள். அந்த வரியில் நிற்காமல் என்னால் தாண்டமுடிவதில்லை. நல்லது செய்யும் அவசரத்தில் பிள்ளையைக் கீழே விட்டவள் அவள். நானும்தான்.

பிறகு தாவீது ராஜா அவனைக் கூப்பிட்டு அனுப்புகிறான். நடக்க வைப்பதற்காக அல்ல. தினமும் தன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறான். அந்த அதிகாரம் முடியும்போதும் மேவிபோசேத்துக்கு இரண்டு காலும் ஊனம்தான். இத்தனை வருடம் எழுந்து நடந்தவர்களின் கதைகளையே படித்தேன், உட்கார இடம் கிடைத்தவனின் கதையைப் படிக்கவில்லை. கரப்பான் பள்ளி எனக்கு அந்தப் பந்திதான்.

நம் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நொண்டி நடக்கும் ஒரு பெண் பிள்ளையைச் சிலம்பம் பழக அனுப்புங்கள். அவள் கடைசியில் குணமாகவும் வேண்டாம், தெய்வமாகவும் வேண்டாம். அடுத்த நாளும் கம்பை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனால் போதும்.

தம்பி நாகர்கோவிலில் இருந்து இந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. டேய், அன்றைக்கு நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்: நடக்காவிட்டாலும் நீ என் தம்பிதான். அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். மன்னித்துவிடு.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.