தொழிற்சாலை வாயிலுக்கு வெளியே



பட்டமளிப்பு விழாவில் பேசுகிறவனுக்கு உபதேசம் செய்யும் உரிமை சம்பிரதாயமாகவே கிடைத்துவிடுகிறது. அதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இளைஞர்களே, நீங்கள் கற்ற சமூகப்பணிக் கல்வியின் பூர்வ சரித்திரத்திலிருந்து தொடங்குகிறேன்.

பம்பாயில் ஏழை எளியவர் நெருக்கியடித்து வாழ்ந்த நாக்பாடாப் பகுதியில், 1920-களில் கிளிஃபோர்ட் மன்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் சமூக இல்லம் ஒன்றை நிறுவி, அம்மக்களிடையே ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற அநுபவத்தின் பயனாகவே, 1936-இல், டாடா அறநிலையத்தின் பொருளுதவியோடு, இந்நாட்டின் முதல் சமூகப்பணிக் கல்லூரி தோன்றியது. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னையில் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கியதும், தொண்டு நிறுவனங்களை நடத்திப் பழகிய கைகளைக் கொண்டுதான். சந்து முன்னே இருந்தது. வகுப்பறை அதன் பின்னே வந்தது. இந்த வரிசையை நாம் எப்போது மறந்தோம் என்பதே என் வினா.

ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. கல்லூரிகளும் அதற்கேற்பத் தொழிலாளர் நலனைத் தனிப் பாடமாக வளர்த்தன. அது காலத்தை அறிந்து செய்த காரியம். அந்தப் பாடமே பிற்காலத்தில் மனிதவள மேலாண்மை என்று பெயர் மாறி, தொழிலாளியின் பக்கம் இருந்த நாற்காலியை நிர்வாகத்தின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டது வேறு கதை. அதைச் சொல்லப் புகுந்தால் இம்மேடையில் சிலர் சங்கடப்படுவார்கள்.

இன்று உணவுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து மோட்டார் சைக்கிளில் விரையும் இளைஞனுக்கு ஆலையும் இல்லை, வாயிலும் இல்லை, வேலை முடிந்ததென்று ஊதும் சங்கும் இல்லை. அவனுக்கு ஆணையிடுவது முகமில்லாத ஒரு கைப்பேசிச் செயலி. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவனுக்குக் கிக் தொழிலாளி என்று ஒரு பெயரைச் சூட்டியது. ஆனால் நாம் நடத்தும் நல அலுவலர் பாடம் அவனை எங்கே போய்த் தேடும்?

அதற்கு விடை கண்டவள் ஒரு மாணவி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்குப் புறத்தேர்வாளனாகச் சென்றிருந்தபோது அவளுடைய களப்பணிக் குறிப்பேடு என்னிடம் வந்தது. பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை, ஓர் உணவு விடுதிக்கு எதிரே நின்ற புங்கமரத்தடியில்தான் உணவு கொண்டுசெல்லும் இளைஞர்கள் வண்டியை நிறுத்தி மூச்சுவிடுவார்கள் என்று கண்டறிந்து, வாரம் இரு நாள் அங்கேயே போய் நின்று, விபத்தில் கால் முறிந்த ஒருவனுக்கு மற்றவர்கள் பணம் திரட்டிய முறையையும், அந்தக் கணக்கை யார் நம்பிக்கையாக வைத்திருந்தார் என்பதையும் அவள் எழுதியிருந்தாள். களப்பணி நிறுவனத்தின் பெயர் என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். மரத்தடிக்கு ஏது பெயர்ப்பலகை? விதிப்படி நான் இரண்டு மதிப்பெண்களைக் குறைத்தேன். அந்த இரண்டு மதிப்பெண்கள் இன்றளவும் என் கணக்கில் கடனாகவே நிற்கின்றன.

பாடத்திட்டக் குழுக்கள் அயல்நாட்டு நூல்களைப் புரட்டிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சமூகம் மாறும் செய்தி முதலில் வந்து சேர்வது களப்பணிக் குறிப்பேட்டில்தான். அதை மதிப்பெண் இட்டதும் கட்டுக்கட்டி அலமாரியில் அடைத்துவிட்டு, பாடம் பழசாகிவிட்டதே என்று கருத்தரங்கு நடத்துவது விந்தை.

ஆகவே, இளைஞர்களே, ஒரு விண்ணப்பம். உங்கள் குறிப்பேடுகளைப் பழைய காகிதக் கடையில் போட்டுவிடாதீர்கள். வேலைக்குப் போன பின்னரும் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அவற்றின் பிரதிகளை இத்துறைக்கு அனுப்பிவையுங்கள். பேராசிரியர்களே, அவை வந்து சேரும்போது, தயவுசெய்து பிரித்துப் படியுங்கள்.